எண்ணில் போட்ட வேலி

2022 அக்டோபர் 7 அன்று, சீனாவுக்கு உயர்திறன் கணினிச் சில்லுகளை விற்பதற்கு அமெரிக்க வர்த்தகத் துறை விதித்த கட்டுப்பாட்டின் உயிர்நிலை ஓர் எண்ணில் இருந்தது. ஒரு சில்லு குறிப்பிட்ட அளவு கணக்கிடும் திறனுடன், பிற சில்லுகளோடு விநாடிக்கு 600 கிகாபைட் அல்லது அதற்கு மேல் தரவு பரிமாறக்கூடியதாகவும் இருந்தால், அதை விற்க உரிமம் வேண்டும். அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் ஏ100 சில்லு சரியாக 600இல் நின்றது. அடுத்த மாதமே அந்நிறுவனம் பரிமாற்ற வேகத்தை மட்டும் 400ஆகக் குறைத்து, ஏ800 என்று பெயரிட்டுச் சீனச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணக்கிடும் திறனில் கை வைக்கவே இல்லை. ஓராண்டு கழித்து விதி திருத்தப்பட்டு அந்த வழி அடைபட்டதும், புதிய அளவுக்கேற்ப எச்20 என்ற சில்லு வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கும் உரிமம் கேட்டார்கள்.

சில்லைத் தடுப்பதைக் காட்டிலும், சில்லைச் செய்யும் இயந்திரத்தைத் தடுப்பதே வலுவான பிடி என்பது என் எண்ணம். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே விற்கும் அதிபுறஊதா ஒளியால் சில்லின் நுண்வடிவங்களைப் பதிக்கும் அச்சு இயந்திரத்துக்குள், உருகிய வெள்ளீயத் துளிகள் விநாடிக்கு ஏறத்தாழ 50,000 வீதம் பாய்ந்துவர, லேசர் ஒவ்வொன்றையும் அடித்து ஆவியாக்கி 13.5 நானோமீட்டர் ஒளியை எழுப்புகிறது. காற்றும் கண்ணாடி வில்லைகளும் அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால், அது வெற்றிடத்தில் ஆடிகளில் பட்டுத் தெறித்தே சிலிக்கான் தகட்டை அடைகிறது. சில்லைப் பெட்டியில் ஒளித்துக் கடத்தலாம். இந்த இயந்திரத்தைக் கடத்தவும் முடியாது, உதிரிபாகமும் பழுது பார்க்கும் பொறியாளரும் இன்றி நெடுநாள் ஓட்டவும் முடியாது. ஆயினும் 2023 ஆகஸ்டில் வெளிவந்த, சீன நிறுவனமான ஹுவாவேயின் மேட் 60 ப்ரோ கைபேசியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதில் சீனாவின் எஸ்எம்ஐசி நிறுவனம் செய்த நுண்ணிய 7 நானோமீட்டர் தலைமுறைச் சில்லைக் கண்டார்கள். சீனாவுக்கு மறுக்கப்பட்ட அதிபுறஊதா இயந்திரம் இல்லாமல், முந்தைய தலைமுறை இயந்திரத்திலேயே ஓர் அடுக்கைப் பலமுறை அச்சிட்டு இதைச் செய்யலாம். செலவு ஏறும், கழிவாகும் சில்லுகளும் கூடும், அவ்வளவுதான்.

சீனா பதிலுக்குக் கையில் எடுத்தது, சிலவகைச் சில்லுகளுக்கு வேண்டிய கேலியத்தை. பாக்சைட்டை எரிசோடாவில் கரைத்து அலுமினா எடுக்கும்போது அந்தக் கரைசலில் துளித்துளியாகத் தங்கும் உலோகம் இது; உலகின் முதல்நிலை உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவுடையது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமானது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கான விற்பனையே தடைசெய்யப்பட்டது. பிற நாடுகளுக்கும் இதைப் பிரித்தெடுக்கத் தெரியாமல் இல்லை. ஜெர்மனி 2016 வரை எடுத்துக்கொண்டுதான் இருந்தது; மலிவான சீனக் கேலியத்துக்கு முன் விலை கட்டுப்படியாகாமல் போக, அந்த உற்பத்தி நின்றது. சில்லு ஆணைகளை வரிவரியாகப் படித்த நான், அந்தச் செய்தியை அன்று கவனிக்கவே இல்லை.