அம்மாச்சியின் தம்பியும் ஒரு வைரஸும்

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் அம்மாச்சி ஊர். அவருடைய தம்பி ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோன பிள்ளை. "தொண்டைக்குள்ள சாம்பக் கலர்ல தோல் மாதிரி படர்ந்திருந்துச்சு" என்று சொல்லும்போது அம்மாச்சியின் கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

நான் மதுரையில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். டெல்லூரைட் என்ற உப்பு கலந்த, கிருமி வளர்க்கும் தட்டில், தொண்டை அடைப்பானை உண்டாக்கும் டிப்தீரியா பாக்டீரியா கரும்புள்ளிகளாக வளரும். நஞ்சு சுரப்பதும் அப்படித்தான், சுரக்காததும் அப்படித்தான். எது சுரக்கிறது என்று பார்க்க, எதிர்நஞ்சில் (நஞ்சை முறிக்கும் மருந்தில்) நனைத்த தாள் பட்டையை வேறொரு தட்டில் வைத்து, குறுக்கே பாக்டீரியாவைக் கோடாக இழுக்க வேண்டும். நஞ்சு இருந்தால் இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு விழும்.

அந்த வித்தியாசம் பாக்டீரியாவைத் தொற்றும் ஃபேஜ் என்ற வைரஸால் வருவது. நஞ்சில்லாத பாக்டீரியாவும் ஃபேஜ் புகுந்தபின் நஞ்சு சுரக்கிறது என்று 1951-ல் விக்டர் ஃப்ரீமேன் காட்டினார். நஞ்சின் மரபணு வைரஸுடையது. ஆனால் அதை அடக்கி வைக்கும் புரதம் பாக்டீரியாவுடையது! இரும்புச்சத்து போதுமான அளவு இருந்தால் அடக்கும், குறைந்தால் விட்டுவிடும். நம் உடம்புக்குள் கிருமிக்குக் கிடைக்கிற இரும்போ மிகக் குறைவு. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

காலரா நஞ்சும் ஃபேஜ் கொண்டுவந்ததுதான். அது தெரிந்தது 1996-ல்.

போன வாரம் இதையெல்லாம் அம்மாச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு அம்மாச்சி. அந்த நஞ்சுக்கு எதிராத்தான் அந்த ஊசியே."