பெல்ட் தாங்கிவிட்டது: தாண்டிக்குடி தோட்டப் பாதைகளில் முழுநாள் ஓட்டம்

காலையில் கிளம்பி, பொழுது சாய வண்டியைப் பிக்கப்பில் ஏற்றும் வரை ஒரே பெல்ட், அதாவது இன்ஜின் சக்தியைச் சக்கரப் பக்கத்துக்குக் கொண்டுபோகிற கிளட்ச் பெல்ட். நடுவில் கருகல் வாடை இல்லை, வழுக்கல் இல்லை. வீட்டுக்கு வந்து கிளட்ச் கவரைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே கறுப்புத் தூள் லேசாகத்தான் படிந்திருக்கிறது. பெல்டின் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பளபளக்காமல் மங்கலாகவே இருக்கின்றன. பழனி மலையில் சைடு-பை-சைடு (இருவர் அருகருகே உட்காரும் கரட்டு வழி வண்டி) ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் வண்டி பழைய போலாரிஸ் ஆர்இசட்ஆர் 800. 50 அங்குல அகலம் என்பதற்காகவே இதை விற்காமல் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் காபித் தோட்டங்களில் பாதி வழி, குதிரை மேல் மூட்டை ஏற்றிப் போவதற்காக வெட்டியது. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் காபிச் செடி, அதற்குக் கீழே சரிவு. 64 அங்குல வண்டியை அதில் விட்டால் செடியை ஒடித்துக்கொண்டுதான் போக வேண்டும். காபிப் பறிப்பு முடிந்து, செடியைப் பூக்க வைக்கிற பூ மழை தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற இடைவெளியில்தான் ஓட்டம். அப்போதுதான் பாதையில் ஆள் நடமாட்டம் குறைவு, தோட்டத்துக்காரர்களும் முகம் சுளிக்காமல் விடுவார்கள். ஆனால் அந்தச் சமயத்தில் புழுதி முழங்கால் வரைக்கும் கிளம்பும். பெல்டுக்கு அதுதான் முதல் எதிரி.

போன பெல்ட் எப்படிப் போனது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரிஜினல் என்று சத்தியம் செய்து ஒரு கடையில் கொடுத்தார்கள். பெட்டியும் ஸ்டிக்கரும் அச்சு அசல். பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு மேட்டில் பாதி ஏறும்போது அறுந்து, உள்ளே இருந்த நூல் எல்லாம் கிளட்ச் தண்டில் சுற்றிக்கொண்டது. பிளேடும் இடுக்கியும் வைத்து ஒவ்வொரு இழையாகப் பிடுங்கவே மதியம் ஆகிவிட்டது. பிறகு வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால், அதே கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு பெல்டே ஒரிஜினல் அளவைவிட அகலத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. புதுப் பெல்டுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. அகலம் குறைந்தால் கிளட்சுக்குள் பெல்ட் ஆழமாக உட்காரும், பிடிமானம் ஆரம்பத்திலேயே போய்விடும். கடையில் கேட்டதற்கு ‘லோ கியர் போடாமல் ஓட்டியிருப்பீர்கள்’ என்று பதில். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இந்த முறை வாங்கியதைக் கவுண்டரிலேயே வெர்னியர் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன்.

சரி, மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான அந்த லோ கியர் விஷயத்துக்கு வருகிறேன். தட்டையான மைதானத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஹை கியரே போதும். இங்கே அப்படி இல்லை. இன்ஜின் பக்கக் கிளட்சில் இருக்கும் எடைகள், சுழலும் வேகத்தில் வெளியே விரிந்தால்தான் இரண்டு தட்டும் நெருங்கிப் பெல்டை இறுக்கிப் பிடிக்கும். ஹை கியரில் மணிக்கு 8, 10 கிலோமீட்டரில் மேடு ஏறினால், சுமை முழுசாக இருக்கும், பிடி மட்டும் அரைகுறையாக இருக்கும். தட்டு சுற்றும், பெல்ட் அதே வேகத்தில் சுற்றாது. அந்தத் தேய்ப்பில் சில நொடியிலேயே பெல்ட் பக்கம் கருகிப் பளபளப்பு ஏறிவிடும். பளபளப்பு ஏறிய பெல்ட் அடுத்த மேட்டில் இன்னும் சீக்கிரம் வழுக்கும். லோ போட்டால் அதே 8 கிலோமீட்டருக்குக் கிளட்ச் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் சுற்றுகிறது, தட்டு முழுசாக இறுகிவிடுகிறது. அதனால் மேடு தொடங்குவதற்கு முன்னாலேயே வண்டியை முழுசாக நிறுத்தி, ஐடிலுக்கு இறங்க விட்டு, லோ போட்டுக்கொண்டுதான் ஏறினேன். ஆக்சிலேட்டரைத் தயங்கித் தயங்கி மிதிப்பதும் கெடுதல். ஒரே அழுத்தாக, நிதானமாக மிதிக்க வேண்டும்.

கிளட்ச் தட்டுகளையும் முந்தின நாளே சுத்தம் செய்தேன். பச்சை நிற ஸ்கிரப்பரால் தட்டின் முகத்தைக் குறுக்கு மறுக்காகத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால், அதில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. புதுப் பெல்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தேன். பெல்டில் அச்சிட்ட எழுத்து பழைய பெல்டில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, அதே பக்கம் பார்க்க மாட்டிவிட்டு, முதல் 50 கிலோமீட்டருக்கு எங்கள் தோட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பழக்கினேன்.

காற்றுக் குழாயில் ஒரு வேலை செய்திருக்கிறேன், அதைப் பற்றித்தான் ரொம்ப சந்தோஷம். கிளட்சுக்குக் காற்று இழுக்கும் வாய் பின்சக்கரப் புழுதிக்கு நேராக இருந்தது. வத்தலக்குண்டு ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குலப் பிவிசி வளைவும் ரப்பர் கப்ளிங்கும் வாங்கி, கூரைக் கம்பி வரைக்கும் தூக்கிவிட்டேன். வாயில் ஒரு ஸ்பாஞ்சு. நாள் முடிவில் அதை உதறினால் ஒரு பிடி செம்மண். இத்தனையும் முன்பு பெல்டுக்குத்தான் போயிருக்கும். தெர்மாமீட்டர் துப்பாக்கியால் நின்ற இடமெல்லாம் கவரைப் பார்த்தேன். காலையில் 60 டிகிரிக்குள், கடைசி மேட்டில் 84. நூறைத் தாண்டினால் நின்றுவிடுவது என்று வைத்திருந்தேன், அந்தப் பேச்சே வரவில்லை. ஒவ்வொரு பெரிய மேட்டுக்குப் பிறகும் நியூட்ரலில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து நிறுத்தினேன். தட்டின் பின்பக்கத் துடுப்புகளே விசிறி, அவை சுற்றினால்தான் சூடு வெளியே போகும்.

இறக்கத்தில் வேறு சிக்கல். ஆக்சிலேட்டரை முழுசாக விட்டால் ஒரு கட்டத்தில் கிளட்ச் பெல்டைக் கைவிட்டுவிடும், வண்டி சட்டென்று தானாக ஓட ஆரம்பிக்கும். லோவில், ஆக்சிலேட்டரில் காலை லேசாக வைத்தபடியே இறங்கினால் பிடி விடாது.

தோட்டங்களுக்கு நடுவில் தார் ரோட்டைத் தாண்ட வேண்டிய இடங்களில் வண்டியைப் பொலேரோ பிக்கப்பில் ஏற்றித்தான் கொண்டு போனோம். என் வண்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது. காட்டு எல்லைப் பக்கமும் போகவில்லை. வனத்துறைக்கல்லைப் பார்த்தால் திரும்பிவிடுவது. பெரும்பாறைப் பக்கம் யானைத் தடம் இருந்ததாக மேஸ்திரி சொன்னதால் அந்தப் பகுதியையே விட்டுவிட்டோம். மாமாவின் பழைய ஜீப்பும் கூடவே வந்தது. காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்ப்பர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் அது முக்கி நிற்க, நாங்கள் லோவில் ஏறி மேலே போய் நின்றோம். ‘மாப்ளே, அந்தச் சின்ன வண்டியை ஒரு தடவை என்கிட்ட குடுடா’ என்று அவரே வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

முன் ஆக்சிலின் ரப்பர் பூட் ஒன்றில் கிழிசல் தெரிகிறது. கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறது. காபிக் குச்சி குத்தியிருக்க வேண்டும். புது ரப்பர் பூட்டோடு, வண்டிக்கு அடியில் போட பிளாஸ்டிக் தகடு ஒன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழைக்கு முன்னால் கே.சி.பட்டி, பாச்சலூர்ப் பக்கத் தோட்டக்காரர்களிடம் அனுமதி கேட்டு அந்தப் பாதைகளையும் ஓட்ட ஆசை. அங்கே ஓடைக் கடப்பு இருக்கிறது. கிளட்ச் கவருக்குள் தண்ணீர் புகுந்தால் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பானைக் கழற்றி, நியூட்ரலில் ரேஸ் கொடுத்துக் காய வைக்க வேண்டும். அந்த அடைப்பான் இப்போதே துரு பிடித்துக் கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. முதலில் அதைக் கழற்றி மாற்ற வேண்டும். இந்த மாடலுக்குப் பொருந்துகிற அடைப்பான் கோவையிலோ மதுரையிலோ கையிருப்பில் இருந்தால் யாராவது சொல்லுங்கள்.