பென்லிக்குப் புது சைலன்சர் பூட்டியது
ஹொண்டா பென்லி சிடி 125 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், இரட்டைச் சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனிப் பைப், தனி சைலன்சர். என்னுடையதில் இடப்பக்கம் அடியில் உக்கிவிட்டது. வெல்டிங் வைக்கலாமென்றால் ஸ்குரூ டிரைவரை அழுத்தினாலே உள்ளே போகிறது, அந்தத் தகட்டில் ஒட்டு எங்கே பிடிக்கும்? சோடியாகவே வாங்கிவிட்டேன்.

திருகோணமலையில் எதில் கறள் பிடித்தாலும் உப்புக்காற்றைத்தான் சொல்வோம். சங்கிலிக்கும் ரிம் கம்பிக்கும் அது சரி. ஆனால் கழற்றிய சைலன்சரை கிரைண்டரால் வெட்டிப் பார்த்தேன், வெளியே இன்னும் மினுங்குகிற இடத்தில்கூட உள்ளே படைபடையாகக் கறள். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும். தூரம் ஓடினால் பைப் சூடாகி அது வெளியே போய்விடும், சந்தைக்கும் கடைக்குமாய் ஓடி நிறுத்தினால் அடியிலேயே தங்கும். கிழமைக்கு ஒருமுறையாவது நிலாவெளிப் பக்கம் நீட்டி ஓடுவது சைலன்சருக்கு நல்லது.

கழற்றுவதில்தான் பொறுமை வேண்டும். பைப்பைப் பிடிக்கிற ஸ்டட் (நட் ஏறுகிற திருகுக் கம்பி) இருப்பது என்ஜினின் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில், முறிந்தால் துளைத்து எடுக்கிற வேலையாகிவிடும். இரவே கறள் இளக்குகிற டபிள்யூடி 40 ஸ்பிரே அடித்து ஊறவிட்டும் ஒரு நட் அசையவில்லை. அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கிற அண்ணனிடம் கேட்டேன். "தம்பி, பலத்தைக் காட்டாத, நெருப்பைக் காட்டு" என்றார். பெற்றோல் டாங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, காஸ் டோர்ச்சால் நட்டைச் சூடாக்கி, முன்னுக்குக் கொஞ்சம் பின்னுக்குக் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப வந்துவிட்டது.

பைப் ஹெட்டில் சேருகிற இடத்தில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கட் வளையம் ஒருமுறை நசுங்கினால் முடிந்தது, திரும்பப் பாவிக்கக் கூடாது. பழையது கறுத்து ஹெட்டோடு ஒட்டிக் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது, சுரண்டிப் பாருங்கள்.

அப்புறம் பூட்டுகிற ஒழுங்கு. எல்லா நட்டையும் கையால் மட்டும் ஏற்றி, முதலில் ஹெட்டில் இருக்கிற இரண்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்கி, சைலன்சரைத் தாங்குகிற பின்பக்க பிராக்கெட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். வலப்பக்கம் பிரச்சினையில்லை. இடப்பக்கம் பிராக்கெட் ஓட்டை நேருக்கு வரவில்லை. போல்ட்டைக் கொடுத்து இழுத்துப் பூட்டலாம்தான், ஆனால் அந்த இழுவை முழுக்க ஹெட் ஸ்டட்டில் விழும், அதிர்வில் ஒருநாள் பைப் வெடிப்பு விடும், இல்லாவிட்டால் ஸ்டட் முறியும். அரத்தால் ஓட்டையை நீளவாக்கில் ராவினேன். போல்ட் தானாக விழுந்து உட்காரும் வரைக்கும் ராவ வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணுமுன் தின்னரால் நன்றாகத் துடையுங்கள், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கறையாகிவிடும். ஸ்டார்ட் பண்ணி, சூடேறுமுன் மூட்டில் சவர்க்காரத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், குமிழி இல்லை, கசிவு இல்லை. ஒரு ஓட்டம் ஓடி ஆறவிட்டுத் திரும்ப ஸ்பானர் போட்டால் ஹெட் நட்டுகள் எல்லாமே இன்னும் கொஞ்சம் இறுகின. பழைய சைலன்சரில் அக்ஸிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடித்த சத்தம் இப்போது இல்லை.