ஏழு பக்கெட்டோட நிண்ட கவுண்டர்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில ஒரு ரிக்கெற் ஒபிஸ், இன்ரநெற்றால கதைக்கிற மூண்டு ஐபி போன். "அவை கதைக்கிறது எங்களுக்கு வடிவாக் கேக்குது தம்பி, நாங்கள் கதைக்கிறதுதான் அங்க வெட்டி வெட்டிப் போகுதாம்" எண்டு ஒபிஸ் அக்கா சொன்ன உடன பிடிபட்டுது, அடைபடுறது அப்லோட், இங்கயிருந்து வெளிய போற பக்கம். சிசிடிவி கமரா ராப்பகலா கிளவுட்டுக்கு ஏத்திக்கொண்டிருக்கு. அளந்தால் அப்லோட் 4 எம்பிபிஎஸ், அதாவது 4000 கேபிபிஎஸ். ஜி.711 எண்ட குரல் முறையில கோல் ஒண்டுக்கு ஒரு பக்கம் 87 கேபிபிஎஸ்தான், மூண்டும் சேர்ந்தாலும் 300ஐத் தொடாது. லைன் தாராளமாக் காணும், ஆர் முதல் போறது எண்டதுதான் பிழை.

மைக்ரோடிக் ரவுட்டர். பக்கெட்டுகளுக்கு, அதாவது தரவுத் துண்டுகளுக்கு, மார்க் போடுற இடம் மாங்கிள். அதில டிஎஸ்சிபி 46 எண்ட குரல் முத்திரையோட வாறதுக்கு 'குரல்', மிச்சத்துக்கு 'மற்றது'. அந்த மார்க்கைப் பாத்து வரிசைப்படுத்துற கியூ ட்ரீயில குரலுக்குப் பிரையோரிற்றி 1, அதுதான் முதல் போறது, மற்றதுக்கு 8. அரை மணித்தியாலத்தில முடிச்சுப்போட்டு கோண்டாவில் வந்து சேர முன்னமே அக்கான்ர கோல்: "முந்தின மாதிரித்தான் தம்பி."

அடுத்த நாள் திரும்பவும் மோட்டச்சைக்கிள். முதல் பிழை, ரெண்டுக்கும் மேல இருக்கிற பேரன்ற் கியூவுக்கு மக்ஸ் லிமிற், அதாவது உச்ச வேகம், போட மறந்திருந்தன். அது இல்லாட்டி பிரையோரிற்றி 1 எண்டு எழுதினாலும் 8 எண்டு எழுதினாலும் ஒண்டுதான். 3600கே போட்டன், அளந்ததிலும் கொஞ்சம் குறைய. அப்பத்தான் வரிசை மோடத்துக்குள்ள போகாமல் எங்கட கையில நிக்கும்.

அப்பவும் சரிவரேல்லை. ஒரு கோல் எடுக்கச் சொல்லிப்போட்டு 'குரல்' பக்கெட்டுகளை எண்ணுற கவுண்டரைப் பாத்துக்கொண்டு நிண்டன். அஞ்சு, ஆறு, ஏழு. அவ்வளவுதான். அக்கா கதைச்சுக்கொண்டே இருக்கிறா, கவுண்டர் அசையேல்லை.

ஃபாஸ்ட்ட்ராக்! வேகத்துக்காக ரவுட்டரில முதலே போட்டு வாற குறுக்கு வழி அது. ஃபயர்வோல் ஃபோர்வேர்ட் செயினில அந்த டிஃபோல்ற் ரூல் இருந்தால், தொடர்பு நிலைச்ச உடன பக்கெட்டுகள் மாங்கிளைத் தொடாமல் குறுக்கால போயிடும். மார்க் இல்லாட்டிக் கியூவும் இல்லை. இது எனக்குத் தெரியாத விசயமில்லை, அதுதான் எரிச்சல். ரூலை நிப்பாட்டினால் சிபியு கொஞ்சம் ஏறும், இந்த ஒபிசுக்கு அது ஒரு பொருட்டில்லை.

நிப்பாட்டியும் கமரா அடங்கேல்லை. பழைய கனெக்சன்கள் ஃபாஸ்ட்ட்ராக்கிலயே ஓடும், கனெக்சன்ஸ் எண்ட ராப் (tab) பக்கத்தில போய் அழிக்கவேணும். அழிச்சன். 'மற்றது' வரிசை நிரம்பிச் சிவப்பாச்சுது, 'குரல்' நெருக்கடி இல்லாமல் பச்சை, கவுண்டர் விறுவிறு எண்டு ஏறுது.

அக்கா ரொறன்ரோவில ஆரோடயோ லக்கேஜ் கிலோவுக்குப் பேரம் பேசத் தொடங்கினா. இருபது நிமிசமாச்சுது, காசு வாங்கக்கூட இடம் விடேல்லை.