கீசே இரண்டாம் முறை கற்ற வேடம்

கைதட்டல் வாங்கிய வேடத்தைக் கலைத்துவிட்டு, முதல் ஒத்திகையிலிருந்து மறுபடி தொடங்குவதைப் போலக் கடினமான வேலை எங்கள் தொழிலில் வேறில்லை. அதைச் செய்யச் சொன்னால் பெரிய நடிகர்களுக்கே முகம் சுருங்கும். நான் பல ஆண்டுகளாகச் சிறு நாடகக் குழுக்களில் அம்மா, பாட்டி, மாமியார் வேடங்களை ஏற்று வருகிறவள். எங்களுக்கு வேடங்கள் பெரும்பாலும் கைமாறித்தான் வரும். முன்பு நடித்தவர் எங்கே உட்கார்ந்தார், எந்த வரியில் திரும்பினார் என்பதெல்லாம் வேடத்தோடு சேர்ந்தே வந்துவிடும். அதை அப்படியே ஏற்றால் நம்மைக் காணோம் என்பார்கள். மறுத்தாலோ ஒத்துழைக்காதவள் என்ற பெயர். இந்தச் சிக்கல் மனதை அரிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது ஜெர்மானிய நடிகை தெரேசா கீசேயை.

1941 ஏப்ரல் 19 அன்று சூரிக் நகரின் ஷவ்ஷ்பீல்ஹவுஸ் அரங்கில் ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் 'மதர் கரேஜ்' முதன்முதலாக மேடையேறியது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர்க்காலத்தில் படைகளின் பின்னால் வண்டி இழுத்துச் சரக்கு விற்று, அந்தப் போருக்கே தன் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுக்கும் பெண்ணின் கதை. லியோபோல்ட் லிண்ட்பெர்க் இயக்க, கரேஜாக நடித்தார் கீசே. நாடகம் பெரும் வெற்றி. ஆசிரியர் பிரெக்டோ அப்போது பின்லாந்தில் அகதி, அவரால் வந்து பார்க்க முடியவில்லை. வெளியான விமர்சனங்களைப் படித்தவருக்குப் பிடிக்கவில்லை. போரால் லாபம் தேடிய வியாபாரியைப் பார்க்க வேண்டிய பார்வையாளர்கள், பிள்ளைகளை இழந்த தாயை மட்டும் பார்த்து உருகிவிட்டார்கள் என்று கருதினார்.

எனவே பிரதியைத் திருத்தினார். முதல் காட்சியில் மூத்த மகனைப் படைக்கு ஆள் சேர்ப்பவன் கூட்டிச் செல்லும்போது, தாய் ஒரு இடுப்புவார்க் கொக்கிக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடத் தானாகவே சட்டைகளைத் தந்தவள், புதிய பிரதியில் கொடுக்க மறுக்கிறாள், பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நடிகையின் கண்ணால் பார்த்தால் இவை சிறு திருத்தங்கள் அல்ல. அரங்கின் இரக்கத்தைச் சம்பாதித்துத் தந்த தருணங்கள் கையைவிட்டுப் போகின்றன.

1949 ஜனவரியில் பெர்லினில் பிரெக்டின் மனைவி ஹெலன வைகல் இந்தக் கரேஜாக நடித்துப் பெரும் புகழ் பெற்றார். அந்தத் தயாரிப்பின் ஒவ்வொரு நகர்வும் புகைப்படங்களாகவும் குறிப்புகளாகவும் ஒரு மாதிரியாகத் தொகுக்கப்பட்டது. 1950 அக்டோபரில் மியூனிக்கின் காமர்ஷ்பீலே அரங்கில் பிரெக்டே இயக்கியபோது, கரேஜ் வேடத்துக்கு வந்தவர் கீசே. தான் உருவாக்கிய பாத்திரத்தை வேறொருத்தி நடித்து உலகப் புகழ் அடைந்திருக்க, அவளுடைய மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னுடைய பழைய நடிப்பு குறித்து மாறுபட்ட கருத்துள்ள ஆசிரியரின் முன்னால் ஒத்திகைக்கு நிற்க வேண்டும். நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே மனம் தயங்குகிறது.

கீசே நின்றார். ஒரு மாதிரித் தயாரிப்பைப் பாடமாகக் கொண்டு, வேறு யாருடையதும் அல்லாத தனக்கே உரிய உருவத்தை ஒரு பெரிய நடிகை எப்படிக் கண்டடைகிறாள் என்பதை அவர் காட்டினார் என்று பிரெக்ட் எழுதி வைத்தார். அவர் கண்டுபிடித்த மாற்றங்கள் மாதிரியையே செழுமைப்படுத்தின என்றும் குறிப்பிட்டார். ஒரு நாடகாசிரியரிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

இந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்ததல்ல. 1898இல் மியூனிக்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் கீசே. கதாநாயகி வேடங்களுக்குரிய அழகு என்று அக்கால அரங்கு எதை நினைத்ததோ, அது அவரிடம் இல்லை. சிறு நகர அரங்குகளில் உழைத்துவிட்டு 1926இல் காமர்ஷ்பீலேக்கு வந்து, குணச்சித்திர வேடங்களில் நிலைத்தார். 1933 ஜனவரி முதல் நாள், எழுத்தாளர் தாமஸ் மானின் மகள் எரிகா மானுடன் சேர்ந்து 'மிளகு ஆலை' என்று பொருள்படும் பெயரில் ஒரு அரசியல் நையாண்டி மேடையைத் தொடங்கினார். அம்மாத இறுதியிலேயே ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். மார்ச்சில் கீசே நாட்டைவிட்டு வெளியேறினார். அந்தக் குழு சுவிட்சர்லாந்திலிருந்து மீண்டும் புறப்பட்டு, ஐரோப்பிய நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகளை நடத்தியது. சூரிக்கில் நாஜி ஆதரவாளர்கள் அரங்கில் புகுந்து கலவரம் செய்தும் நிறுத்தவில்லை. 1936இல் ஜான் ஹாம்சன் என்ற ஆங்கில எழுத்தாளரைத் திருமணம் செய்து பிரிட்டிஷ் கடவுச்சீட்டு பெற்றார். பெயரளவுத் திருமணம்தான், ஆனால் அது உயிர்காக்கும் தாள்.

பிறகு சூரிக் அரங்கின் குழுவில் சேர்ந்தார். வோல்ஃப்காங் லாங்ஹோஃப், எர்ன்ஸ்ட் கின்ஸ்பெர்க் போல நாடிழந்த கலைஞர்கள் பலர் சேர்ந்து உழைத்த இடம் அது. ஒத்திகைக்குக் கிடைத்த காலம் குறைவு, நாடகங்களோ அடுத்தடுத்து மாறிக்கொண்டே இருந்தன. நட்சத்திர எண்ணத்துக்கு அங்கே நேரமே இருந்திருக்காது. 1950இல் மியூனிக்கில் அவர் எடுத்த முடிவின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேடத்தைத் தன் சொத்தாக எண்ணாமல், அன்றைய வேலையாக எண்ணும் பழக்கம் இப்படிப்பட்ட குழுவில்தான் ஊறும்.

அந்த உழைப்புக்கு மதிப்பும் கிடைத்தது. சுவிஸ் நாடகாசிரியர் டூரன்மாட்டின் 'முதிய சீமாட்டியின் வருகை' நாடகத்து நாயகி கிளேர் 1956இல் சூரிக்கில் முதலில் உயிர்பெற்றது அவரிடம்தான். 1962இல் வந்த டூரன்மாட்டின் 'இயற்பியலாளர்கள்' நாடகத்தில், முதலில் ஆணாக எண்ணப்பட்டிருந்த மனநல மருத்துவர் பாத்திரம் அவருக்காகவே பெண்ணாகியது. நாடகத்தையும் அவருக்கே சமர்ப்பித்தார் டூரன்மாட். குணச்சித்திர நடிகைக்காக ஒரு நாடகம் வடிவம் மாறுவது எங்கள் உலகில் அபூர்வம்.

1970இல் மேற்கு பெர்லினில் பேட்டர் ஸ்டைன் என்ற இளைஞரின் குழு, பிரெக்டின் 'தாய்' நாடகத்தோடு தன் புதிய பயணத்தைத் தொடங்கியது. எழுபது கடந்த கீசே அந்த இளையவர்களோடு சேர்ந்து தாய் பெலகேயாவாக நடித்தார். தாய் வேடங்களுக்கு வயது வரம்பு இல்லை என்று எங்கள் குழுவில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கீசேயின் விஷயத்தில் வயது கூடக்கூடத் துணிச்சலும் கூடியது.

1974இல் லூயி மால் இயக்கிய 'லாகோம் லூசியன்' படத்தில், பிரான்சில் ஒளிந்து வாழும் யூதக் குடும்பத்தின் பாட்டியாக வருகிறார். வசனம் மிகக் குறைவு. அடுத்த ஆண்டு மார்ச்சில் மியூனிக்கில் காலமானார். எங்கள் குழுவுக்கு நடிக்க வருபவர்களிடம் நான் இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். வசனத்தைத் தேட வேண்டாம், மற்றவர்கள் பேசும்போது அந்தப் பாட்டி என்ன செய்கிறாள் என்று மட்டும் பார்த்துவிட்டு ஒத்திகைக்கு வாருங்கள் என்று சொல்கிறேன்.