40-க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு

மூன்று மாதங்களாக என்னை அலைக்கழித்த ஒரு படம் நேற்றிரவுதான் வழிக்கு வந்தது. தாராவி 90 அடிச் சாலையில் பொங்கலன்று விடியற்காலையில் எடுத்த படம் அது. தெருவோரம் அடுப்புகள் வரிசையாக எரிகின்றன. முன்னால் கரியேறிய பானை, அதன் பின்னால் திறந்த வாசல், வாசலுக்குள் இருட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி. திரையில் மூக்குத்தியிலிருந்து சேலை மடிப்பு வரை எல்லாம் தெரிகிறது. பளபளப்பில்லாத பருத்தி மேட் காகிதத்தில் அச்சிட்டால் மட்டும் அந்த வாசல் கறுப்புச் செவ்வகமாகிவிடும். முதல் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்த என் மனைவி, "உள்ள ஒரு பாட்டி இருக்காங்கன்னு நீங்க சொன்னாத்தான் தெரியுது" என்றாள்.

பளபளப்புக் காகிதத்தில் இதே கோப்பு ஒழுங்காக வந்ததால், குற்றம் காகிதத்துடையது என்று முடிவுகட்டிவிட்டேன். மேட் காகிதத்தின் கறுப்பு வெளிறியது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இருந்தும் விடாமல் திரையின் வெளிச்சத்தை 90 கேண்டெலாவுக்கு இறக்கினேன். மேட் காகிதத்துக்கென்றே உள்ள மேட் பிளாக் மைதான் இறங்குகிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு பொறுமையிழந்து படத்தின் நிழற்பகுதி முழுவதையும் கர்வில், அதாவது ஒளி-நிழல் அளவை மாற்றும் வளைகோட்டில், தூக்கிவிட்டேன். பாட்டி அரைகுறையாகத் தெரிந்தார், ஆனால் பானையின் கரி சாம்பலாக வெளுத்துவிட்டது. பொங்கப்பானையில் கரி இல்லையென்றால் அது என்ன படம்? இப்படியே ஒன்பது தாள்கள் போயின.

படத்தையே திரும்பத் திரும்ப அச்சிடுவதை நிறுத்திவிட்டு, முன்பே செய்திருக்க வேண்டிய ஒன்றை அதன்பிறகுதான் செய்தேன். ஆர்ஜிபி மதிப்பு (0 என்றால் முழுக்கறுப்பு, 255 என்றால் வெள்ளை) 0-இலிருந்து 60 வரை இரண்டிரண்டாக ஏறும் 31 சாம்பல் கட்டங்களை, முழுக்கறுப்புப் பின்னணியின் மேல் ஒரே பட்டையாக அமைத்து, வீணான தாளொன்றின் வெள்ளை விளிம்பில் அச்சிட்டேன். ஈரம் அடங்கட்டும் என்று ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோது, 40 வரை எல்லாக் கட்டங்களும் பின்னணியில் கரைந்து கிடந்தன. 44-ஆம் மதிப்புள்ள கட்டத்தில்தான் ஒரு கோடு போலப் பிரிவு தெரிந்தது.

மேட் கறுப்பு இருபதுக்குள் அடைத்துக்கொண்டிருந்தால் விதியென்று விட்டிருப்பேன். 40 என்பது உறுத்தியது. அச்சின் நிறத்தையும் கறுப்பின் அடர்த்தியையும் அளக்கும் ஸ்பெக்ட்ரோ மீட்டரை நண்பர் ஒருவரிடம் ஒரு நாள் கடன் வாங்கி அளந்தேன். பளபளப்புக் காகிதத்தின் கறுப்பு 2.3 டென்சிட்டி (எண் கூடக்கூடக் கறுப்பு ஆழம்), மேட் காகிதத்தின் கறுப்பு 1.65. அதாவது முன்னது விழும் ஒளியில் 0.5 சதவீதத்தைத்தான் திருப்புகிறது, பின்னது ஏறத்தாழ 2.2 சதவீதத்தைத் திருப்புகிறது. இந்த 2.2 சதவீதத்தை எஸ்ஆர்ஜிபி, அதாவது கோப்பின் 0-255 அளவுகோல், மதிப்பாக மாற்றினால் 41 வருகிறது. என் பட்டை கரைந்துபோன இடமும் அதுதான். காகிதத்தால் காட்ட முடியாத கறுப்புகளையெல்லாம் யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல ஒரே மதிப்பில் கொண்டுபோய்க் கொட்டினால் மட்டுமே இப்படி வரும். பளபளப்புக் காகிதத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 16 வருகிறது. என் படத்தில் அதற்குக் கீழே அதிகமாக எதுவும் இல்லாததால் அங்கே நோய் வெளிப்படவில்லை.

ஃபோட்டோஷாப்பின் அச்சுச் சாளரத்தைத் திறந்து பார்த்தேன். நிறங்களைக் காகிதத்துக்கு மாற்றும் முறையாக ரிலேடிவ் கலரிமெட்ரிக் இருந்தது; அதற்குக் கீழே பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷன் கட்டத்தில் குறி இல்லை. எப்போதோ ஒரு சோதனைக்காக நானே எடுத்திருக்க வேண்டும். அந்தக் குறி இருந்தால்தான் கோப்பின் அடிக்கறுப்பு காகிதத்தின் அடிக்கறுப்போடு பொருத்தப்பட்டு, மேலே உள்ள நிழல்களும் அதற்கேற்ப நெருக்கி அடுக்கப்படும். என்னை ஏமாற்றியது, அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் சாஃப்ட் புரூஃப்தான்: அதன் அமைப்பில் இதே பெயரில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது, அங்கே குறி இருந்தது. திரை ஒன்றைக் காட்ட, பிரிண்டர் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தது.

குறியைப் போட்டு மீண்டும் பட்டையை அச்சிட்டதும் 12-ஆம் மதிப்புள்ள கட்டத்திலேயே பிரிவு தெரிந்தது. மீதியைக் கர்வ் பார்த்துக்கொண்டது, ஆனால் இம்முறை அடிப்புள்ளியை அசைக்கவில்லை. 0 அப்படியே 0. 10-ஐ 18-க்கும், 30-ஐ 39-க்கும், 64-ஐ 69-க்கும் ஏற்றி, 100-க்குள் பழைய கோட்டோடு சேர்த்துவிட்டேன். அடிப்பகுதியில் செங்குத்தாக ஏறுவதால் கட்டத்துக்குக் கட்டம் இடைவெளி கூடுகிறது. 0 நகராததால் பானையின் கரிக்கு முழு மையும் இறங்குகிறது. இப்போது பிரிவு 8-இல் தொடங்குகிறது. இந்தக் கர்வை இந்தக் காகிதத்துக்கென்று தனி அடுக்காக வைத்திருக்கிறேன். மூலக்கோப்பில் கை வைக்கவில்லை.

இடையில் காகிதக் கதையையும் சொல்லிவிடுகிறேன். போரா பஜாரில் வழக்கமாக வாங்கும் கடையில் இருப்பு இல்லையென்று இணையத்தில் சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள தாளுக்குப் பணம் கட்டினேன். 25 தாள் கட்டு ஒரு மூலை நசுங்கி வந்தது, விற்றவர் படம் அனுப்பச் சொல்லிவிட்டு இரண்டு வாரமாகப் பேச்சில்லை. போதாக்குறைக்கு மும்பையின் ஜூலை ஈரம். வெளியே ஒரு மணி நேரம் கிடந்தாலே தாளின் ஓரம் எழும்பி, பிரிண்டர் ஹெட் உரசிக் கறுப்புக் கீறல் விழுகிறது. தாள்கட்டை இப்போது இரும்பு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு மேலே, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை. மழை விட்டதும் மாட்டுங்கா பூக்கடை வரிசையை ஜப்பானிய வாஷி தாளில் முயன்று பார்க்கும் ஆசையும் இருக்கிறது. அதற்கு இந்தப் பட்டையை முதலிலிருந்து மறுபடி அச்சிட வேண்டும்.

நேற்றைய பிரதி ஏ4 அளவுதான். பாட்டியின் முழங்கால், மடியில் கிடக்கும் கை, பக்கத்தில் சுருட்டி வைத்த பாய் எல்லாம் வந்துவிட்டன. தலைமுடிக்கும் பின்சுவருக்கும் இடையே மட்டும் பிரிவு கிடைக்கவில்லை. கோப்பில் அந்த இடம் 5, 6 என்றுதான் இருக்கிறது, அதை இழுத்தால் புள்ளி புள்ளியாக இரைச்சல் எழுகிறது. ஏ3 தாள் நான்கு மிச்சமிருக்கின்றன. ஈரம் குறையும் அக்டோபர் வரை அவற்றைத் தொடுவதாக இல்லை.