பில்லை யார் நீட்டுவது?

22 ஆண்டுகள் வங்கியில் காசாளராக இருந்தவன் நான். நூறு நோட்டுக் கட்டை எண்ணி முடிக்க எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. அப்படிப்பட்டவன், கோத்தகிரியில் ‘ஹோம்ஸ்டே’ ஆக்கிய எங்கள் வீட்டில் மூன்று இரவு தங்கிக் கிளம்பிய முதல் விருந்தினரிடம் பணம் வாங்கக் கூசி நின்றேன்.

வங்கிக்கு முன்னால் தட்டச்சுப் பயிலகத்தில் நான்கு ஆண்டுகள் பயிற்றுநர். விருப்ப ஓய்வுக்குப் பிறகு நண்பரின் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. மனைவி செவிலியர்: கோவையில் அறுவை அரங்கு, சவூதியில் ஆறு ஆண்டுகள், கடைசியாகச் செவிலியர் கல்லூரியில் பாடம். எங்களுக்குக் கல்யாணமாகி 31 ஆண்டுகள். அதில் பாதி நாள், அவள் இரவுப் பணி முடிந்து உள்ளே வரும்போது நான் சாப்பாட்டுப் பையோடு வெளியே போய்க்கொண்டிருப்பேன். ஒரே இடத்தில் வேலை பார்க்கத் தொடங்கியது, தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த மாமனார் கட்டிய வீட்டில் மூன்று அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கிய பிறகுதான்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் விதிப்படி இப்படிப்பட்ட வீடுகளில் ஓர் அறை முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்கு விடலாம். உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும். குடியிருப்பதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். இரவு பதினொரு மணிக்கு, வெந்நீர் வரவில்லை என்று நம் படுக்கையறைக் கதவையே தட்டும்போது அந்த விதி முழுதாகப் புரிந்தது.

இந்தத் தொழிலில் பாதி, துணி உலர்த்துவது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் விரிப்புகள் மூன்று நாளானாலும் காயாது. காய்ந்ததுபோல் இருக்கும், முகர்ந்தால் ஈரவாடை அடிக்கும். ஆளுக்கு மூன்று செட் விரிப்பு வாங்கி வைத்த பிறகே நிம்மதியாகத் தூங்கினோம். மெத்தையின் மூலையில் விரிப்பை மடித்துச் செருகுவதை மனைவிதான் கற்றுக்கொடுத்தாள். என் மடிப்பைப் பிரித்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்வாள். மாணவிகளிடம் காட்டிய அதே முகம். ‘என்னங்க’ மட்டும் கூடுதல்.

அடுத்தது மாவு. மார்கழிக் குளிரில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. அடுப்பு மேடை ஓரமாக வைத்து, பாத்திரத்தைப் போர்த்த வேண்டும். எங்கள் வீட்டில் முதல் கம்பளி மாவுக்கு, அடுத்தவைதான் விருந்தினருக்கு.

மனைவி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ‘2ஆம் அறை, பெரியவர், சர்க்கரை இல்லாத காப்பி, இடது முழங்கால் வலி, மாடிப்படி வேண்டாம்.’ நோயாளிக் குறிப்பேட்டின் அதே நடை. என் பங்கு தாள்கள். வெளிநாட்டினர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும், ஒருநாளும் தவறவிட்டதில்லை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயம் ஆனதிலிருந்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு, “சார், அது என்ன பாஸ்?” என்று கேட்பவர்களுக்குத் தொலைபேசியிலேயே வழி சொல்கிறேன். தட்டச்சு மாணவர்களிடம் பழகிய பொறுமை இப்போதுதான் உதவுகிறது. இருட்டிய பிறகு தோட்டத்துப் பக்கம் போக வேண்டாம், கரடி வரும் என்றால் சிலர் சிரிக்கிறார்கள். எண்ணெய் வாடைக்குக் கரடி கதவைப் பெயர்க்கும் ஊர் இது. எங்கள் எண்ணெய் டின் பகலில்கூட வெளியே இருப்பதில்லை.

அந்த முதல் விருந்தினருக்கு வருகிறேன். ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம். கூடவே எண்பதைத் தாண்டிய பாட்டி. மூன்று நாளும் எங்கள் மேசையில் சாப்பிட்டார்கள். பாட்டி சமையலறைக்குள் வந்து உட்கார்ந்து, என் மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார். கிளம்பும் காலையில் பில் எழுதினேன். பாட்டி முகத்தைப் பார்த்ததும், கூடுதலாகச் சாப்பிட்ட இரவு உணவுகளை அடித்துவிட்டேன். அப்படியும் மனம் கேட்கவில்லை. ஒருநாள் வாடகையையும் அடித்தேன். கூண்டுக்குப் பின்னால் அமர்ந்து வாங்கிய காசெல்லாம் ஊரார் காசு. இது நான் பரிமாறிய இட்லிக்கு வரும் காசு.

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை வாங்கிப் பார்த்தார். “இப்படி அடித்துவிட்டால் அடுத்த தடவை எந்த முகத்தோடு வருவது, தம்பி?” என்றார். பேரனிடம் சொல்லி முழுப் பணத்தையும் எடுத்து, மேசையில் வைக்காமல் என் உள்ளங்கையிலேயே வைத்தார்.

கார் வளைவு திரும்பும் வரை மனைவி பேசவில்லை. பிறகு, “வங்கியில் இப்படிக் கழித்திருந்தால் உங்களை உள்ளே தள்ளியிருப்பார்கள்” என்றாள்.

அன்றிலிருந்து பில் எழுதுவது நான், நீட்டுவது அவள். எத்தனையோ பேரை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பியவளுக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. பணம் உள்ளே வந்த பிறகு எண்ணி அடுக்குவது என் வேலை. விரல் இன்னும் மறக்கவில்லை. பாட்டி அதன் பிறகு இரண்டு முறை வந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

நான்கு நாள் மூட்டத்துக்குப் பிறகு இன்று வெயில் எட்டிப் பார்க்கிறது. கொடியில் இடம் பிடிக்க ஆறு விரிப்புகள் காத்திருக்கின்றன. அவள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.